பஸ் நேரம் எழுதியவர்கள்

வலியசாலையில் என் வீட்டிலிருந்து கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் இருபது நிமிஷம். அங்கிருந்து கேசவதாசபுரத்துக்கு பஸ். ஒரு ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் செக்ஷனில் கிளார்க்காகச் சேர்ந்த நாள் முதல் இதுதான் என் காலை. எட்டு மணிக்கு நாற்காலியில் இருக்கவேண்டும். ஆரியசாலையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, சாலைக் கடைத்தெருவைத் தாண்டி, ஏழு மணிக்கு முன்பே ஸ்டாண்டில் போய் நின்றுவிடுவேன். நின்றதும் தங்கைக்கு போன். அவள் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள். பஸ் வரும்வரை இரண்டு பேரும் பேசுவோம். பெரும்பாலும் முந்தின நாள் பேசியதையேதான்.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவர்கள் என்னிடம் வரத் தொடங்கினார்கள். சங்கரன்கோவில், தென்காசி, வள்ளியூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்கள். இங்கே பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் மலையாளத்தில் இருக்கும். வண்டி நிற்பது அரை நிமிஷம். அதற்குள் அதைப் படித்துச் சொல்ல ஒரு தமிழ்க்காரர் வேண்டும். "எக்கா, இது எங்க போவுது?" என்பார்கள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பேரூர்க்கடை, நேமம், விழிஞ்ஞம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். தங்கை மறுமுனையில், "உனக்கு எப்போ கண்டக்டர் வேலை கிடைச்சுது?" என்று கேட்பாள்.

அவர்களில் ஒருத்தியை எனக்கு முகம் பார்த்துப் பழக்கமாகிவிட்டது. சித்தாள் வேலை. கல்லும் கலவையும் சுமக்கிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும். சாப்பாட்டுத் தூக்கை ஒரு கட்டைப்பையில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பாள். மற்றவர்கள் நான் சொன்ன நொடியில் ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள். இவள் மட்டும் படியில் கால் வைப்பதற்கு முன் போர்டை ஒருதரம் உற்றுப் பார்ப்பாள், மனப்பாடம் செய்கிறவள்போல.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நான் நாலு நாள் படுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் ஸ்டாண்டுக்குப் போனபோது அவள் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தாள். சந்தோஷமா கோபமா என்று சொல்ல முடியாத முகம். நான் வராத இரண்டாவது நாள், கழக்கூட்டத்துக்குப் போகவேண்டியவள் காட்டாக்கடை பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஒன்று வடக்கே, மற்றது அதற்கு நேர்மாறான திசையில். போர்டின் முதல் எழுத்தைப் பார்த்து, அதுதான் என்று நம்பி ஏறியிருக்கிறாள்.

"நம்ம 'க' மாதிரிதான்க்கா இருந்துச்சு. பக்கத்துல கால் ஒண்ணு இருந்தத நான் கவனிக்கல," என்றாள்.

அன்றைய வேலை போனதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. காட்டாக்கடையில் இறங்கி, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் மழையில் நின்றதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. நான் அலுவலகத்துக்குப் போய் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க அந்தத் துணைக்கால்தான் கண்ணுக்குள் நின்றது.

மத்தியானம் பக்கத்து மேஜைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் மலையாளி. நெடுமங்காட்டுக்கு அப்பால் ஊர். ஆஸ்பத்திரி வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுறுசுறுப்பு என்று அவரைக் கேலி செய்வோம். அவர் தன் போனில் ஒரு தளத்தைத் திறந்து காட்டினார். நகரத்து பஸ்கள் அத்தனையும் அதில் இருந்தன. எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு, எந்த வழியாக. மலையாளத்திலும் இங்கிலீஷிலும். அரசாங்கம் நடத்துவது என்று நினைத்தேன். இல்லையாம். யாரோ நாலு பேர் தொடங்கியது, இப்போது யார் யாரோ சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய ஊருக்குப் போகும் ஏழு வண்டிகளையும் எழுதியவர் அவரேதான்.

"ஆர்க்கும் எழுதாம் சேச்சி. தெற்றுண்டெங்கில் வேறொராள் திருத்தும்," என்றார்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், தப்பிருந்தால் வேறொருவர் திருத்துவார் என்பது எனக்கு ஒரு காரியம் நடத்துகிற முறையாகவே தோன்றவில்லை. எங்கள் செக்ஷனில் ஒரு நோயாளியின் வயதைத் திருத்த மூன்று கையெழுத்து வேண்டும். இவர்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டேன். யாரும் தருவதில்லை என்றார். பிறகு ஏன் செய்கிறார்கள்? அவர் தன் அம்மா ஒருநாள் ஓடாத பஸ்ஸுக்காகச் சந்தை வாசலில் மூட்டையோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். அவ்வளவுதான். காரணமாக அவர் வேறெதையும் சொல்லவில்லை.

அந்தத் தளத்தில் தமிழுக்கும் ஒரு பக்கம் இருந்தது. எழுத ஆள் இல்லாததால் காலியாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்து எழுத ஆரம்பித்தேன். முதலில் எழுதிய ஊர் கழக்கூட்டம். எழுதுகிறபோதே நேரங்களையும் பார்த்தேன். ஸ்டாண்டில் ஒரு நேரப்பலகை இருக்கிறது. அதை வரும் வழியில் போட்டோ எடுத்து வந்திருந்தேன். பலகையில் இருந்ததும் தளத்தில் இருந்ததும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. கிளார்க் புத்தி சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் பலகைப்படி திருத்திவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் என் தமிழ் அப்படியே இருந்தது. நேரங்கள் மட்டும் பழையபடி மாறியிருந்தன.

மாற்றியவருக்குப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நாலைந்து எண்கள். படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் குடை. எழுதுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அடியில் ஓர் இடம் உண்டு. அங்கே மலையாளத்தில் எனக்கு இரண்டு வரி எழுதி வைத்திருந்தார். பலகையில் ஆறு பத்து, வண்டி எடுப்பது ஆறு இருபத்தைந்து. ஆட்கள் காத்து நிற்பது வண்டிக்குத்தான்.

நான் விடவில்லை. அதிகாரப்பூர்வமாக எழுதி வைத்ததை விட்டுவிட்டு ஆளாளுக்குப் பார்த்ததை எழுதினால் நாளைக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். பார்த்தவர்தான் பொறுப்பு என்று பதில் வந்தது. இப்படி இரண்டு மாதம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியராக இருக்கவேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன். சட்டைக் காலரின் பின்பக்கம் குடையைக் கொளுவிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிவிட்டு, ஊரில் உள்ளவர்களின் பிழைகளை எல்லாம் திருத்துகிற ஒருவர். மனசுக்குள் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர். தங்கையிடம் தினமும் அவரைப் பற்றிப் புகார்தான்.

ஆனால் உண்மையைச் சொன்னால், காலையில் எழுந்ததும் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கத்தான் போனை எடுப்பேன். அவருக்குத் தெரிந்தவை வேறு யாருக்கும் தெரியாதவை. ஒரு ஸ்டாப்பை நான் ரேஷன் கடை வாசலில் குறித்திருந்தால், அங்கே நின்ற மரம் விழுந்தபிறகு வண்டி நூறடி தள்ளி நிற்கிறது என்பார். இன்ன வண்டி வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிவாசல் பக்கம் கூட்டத்தில் பத்து நிமிஷம் தாமதிக்கும் என்பார். ஒருதரம் நான் ஒரே ராத்திரியில் பதினெட்டு ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதி முடித்தபோது, வாதம் எதுவும் இல்லாமல், "நன்றாயிட்டுண்டு" என்று ஒரு சொல் எழுதினார். அதைப் பக்கத்து மேஜைக்காரருக்கும் காட்டினேன்.

அதற்குள் தமிழ்ப் பட்டியல் பரவ ஆரம்பித்திருந்தது. சித்தாளின் போனில் நானே அதைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடி உடைந்த போன். ஐந்தாவது வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, ஊர்ப்பெயர் சேர்ந்ததும் தலையை ஆட்டிக்கொள்வாள். அவளிடமிருந்து அவள் தங்கியிருந்த லைன் வீட்டுக்காரர்களுக்கு, அங்கிருந்து ஹோட்டல்காரர்களுக்கு. ஒரு மாதத்தில் ஸ்டாண்டில் என்னிடம் வந்து கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். எல்லோரும் போனைப் பார்த்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஒளிப்பானேன்.

பிறகு அந்த ஐந்து நாற்பது வண்டி வந்தது. அதாவது, வரவில்லை.

காலை ஐந்து நாற்பதுக்கு ஸ்ரீகாரியம் பக்கம் ஒரு பஸ் என்று பலகையில் இருந்தது. குடைக்காரர் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். அப்படி ஒரு வண்டி இப்போது ஓடுவதில்லை என்று காரணமும் எழுதினார். பலகையில் இருக்கிறதே என்று நான் திரும்பச் சேர்த்தேன். அவர் எடுத்தார். நான் சேர்த்தேன். மூன்று தடவை. நாலாவது தடவை அவர் எடுக்கவில்லை. சரி, போர்டு ஜெயிக்கட்டும் என்று மட்டும் எழுதினார். அன்றைக்கு நான் பக்கத்து மேஜைக்காரருக்கு டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள் ஸ்டாண்டுக்குப் போனால், சித்தாளும் கூட இரண்டு பெண்களும் கட்டைப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்நேரம் அவர்கள் வேலையில் இருக்கவேண்டும். ஸ்ரீகாரியத்துக்கு அப்பால் ஒரு கட்டடத்தில் அன்று கான்கிரீட் போடுகிறார்கள். ஆறரைக்குள் ஆள் நிற்காவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துவிடுவார்கள். அந்த வாரம் முழுவதற்குமான வேலை. ஐந்து நாற்பது வண்டியை நம்பி ஐந்து மணிக்கே வந்து நின்றிருக்கிறார்கள்.

"எக்கா, நீங்க போட்ட பஸ்ஸு வரல," என்றாள்.

குற்றம் சொல்கிற குரல் இல்லை. எனக்குச் சங்கடமாக இருக்குமே என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தப்பு என்மேலதான். அந்த பஸ் ஓடறதில்லேன்னு ஒருத்தர் சொல்லிண்டே இருந்தார். நான் கேக்கலை."

"யாருக்கா அது?"

"தெரியாது. நேர்ல பாத்ததில்லே."

அவள் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்பம் அவியட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க," என்றாள்.

சொன்னேன். மத்தியானம் சாப்பாட்டைத் திறக்காமலே ஐந்து நாற்பதை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளத்தில் நடந்ததை எல்லாம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். மூன்று பேருடைய ஒரு வார வேலை என் பிடிவாதத்தால் போயிற்று என்றும் எழுதினேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிற இடத்தில் அப்படி எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சாயங்காலம் பதில் வந்தது. நாளைக்கு ஏழு பத்து மெடிக்கல் காலேஜ் வண்டியில் ஏறுங்கள் என்று மட்டும் இருந்தது.

நான் வழக்கமாக ஏறுகிற வண்டியே அதுதான், கேசவதாசபுரம் வழியாகப் போவது. மறுநாள் ஏறி, குடை வைத்திருக்கிற வயதான ஆண்களைத் தேடினேன். மழை நாள், பஸ்ஸில் பாதிப் பேரிடம் குடை இருந்தது. ஜன்னல் ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் தலைமையாசிரியர் மாதிரியே இருந்தார். பக்கத்தில் போய் நின்று, பஸ் நேரம் எழுதுவது நீங்கள்தானா என்று மெல்லக் கேட்டேன். அவர் பயந்துபோய்ப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பாளையம் தாண்டியதும் கண்டக்டர் என்னிடம் வந்தாள். மூன்று வருஷமாக எனக்கு டிக்கெட் கிழித்துத் தருகிற பெண். நாற்பது வயதுகூட இருக்காது. சில்லறை இல்லாவிட்டால் முகத்தைச் சுளிக்காமல் நாளைக்குத் தரச் சொல்வாள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. டிக்கெட்டை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "போர்டு ஜயிச்சில்ல, அல்லே சேச்சி?" என்றாள்.

அவள் சீட்டுக்குப் பின்னால் கம்பியில் ஒரு கறுப்புக் குடை தொங்கிக்கொண்டிருந்தது.

நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதமாக ஒரு கிழவரோடு சண்டை போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் அவள் கையில்தான் காசு கொடுத்திருக்கிறேன். அவளுக்கும் நான் யார் என்று தெரிந்திருக்கவில்லை. மன்னிப்புக் கடிதத்தில் ஏழு மணிக்கு ஸ்டாண்டுக்கு வருவதையும் கேசவதாசபுரத்தையும் நான் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் யூகித்தாளாம். பாறசாலைக்காரி, எல்லைப் பக்கம். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவாள்.

"போர்டில எழுதினது காரியமில்ல சேச்சி. வண்டி வர்றதுதான் சமயம்," என்றாள். பிறகு பின்சீட்டுகளுக்கு டிக்கெட் கொடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. அந்த நாலாவது தடவை, கோபத்தில்தான் அதை எடுக்காமல் விட்டேன் என்றாள். யாராவது ஏமாறுவார்கள் என்று தெரிந்தேதான் விட்டது. "எனக்கும் அதில பங்குண்டு." அதற்குள் நான் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்தோம். வேலை என்றுதான் சொல்லவேண்டும். சித்தாள் விடியற்காலையில் ஸ்டாப்பில் நின்று எனக்குக் குரல் செய்தி அனுப்புவாள். "எக்கா, இப்பம் ஒண்ணு போவுது, மணி அஞ்சு அம்பத்தி மூணு, டிரைவரு தொப்பி போட்டிருக்காரு." தொப்பி எதற்கு என்று நான் கேட்டதில்லை. பார்த்ததை எல்லாம் சொல்லவேண்டும் என்பது அவள் கணக்கு. நான் அதைத் தமிழில் ஏற்றுவேன். கண்டக்டர் கடைசி ஸ்டாப்பில் வண்டி திரும்புகிற பத்து நிமிஷத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பாள். முகம் தெரியாத இன்னும் பலர், ஆற்றிங்கல்காரர் ஒருவர், துபாயிலிருந்து ராத்திரி ஷிப்டுக்கு நடுவில் எழுதுகிற ஒருவர், அவரவர் ஊரை எழுதினார்கள். என் எழுத்துப் பிழையை துபாய்க்காரர் திருத்துவார். அவருடைய ஊரின் தமிழ்ப் பெயரை நான் எழுதிக் கொடுத்தேன்.

இதெல்லாம் எல்லோருக்கும் நல்லதாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. ஒருநாள் காலை ஒரு மேஸ்திரி என்னைத் தேடிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார். ஊரிலிருந்து ஆட்களை அழைத்துவந்து, தங்க இடம் பார்த்து, வேனில் ஏற்றி வேலை இடத்துக்குக் கொண்டுவிடுகிறவர். கையில் மஞ்சள் பை, வெள்ளை வேட்டி. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார்.

"நீங்க நல்லது செய்யணும்னுதான் செய்யுதிய. அது தெரியும். எட்டுப் பேரு என்னய விட்டுட்டுத் தனியா வேலைக்குப் போயிட்டாவ. பஸ்ஸு தெரிஞ்சு போச்சுல்லா. நாளைக்கு ஒருத்திக்கு மேல இருந்து செங்கல்லு விழுந்துச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு யாரு கொண்டு போவா? உங்க போனா?"

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எனக்கு அந்தக் கேள்வியின் கனம் நன்றாகவே தெரியும். கட்டட விபத்து என்று வருகிற பெண்களின் ஃபைலில், கூட வந்தவர் என்கிற கட்டத்தில் பெரும்பாலும் ஒரு மேஸ்திரியின் பெயர்தான் இருக்கும். அவர் போனபிறகு சித்தாளிடம் கேட்டேன். அவர் சொன்னது நிஜம்தான் என்றாள். போன வருஷம் அவள் அவருடைய வேனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், காலில் ஆணி ஏறியபோது தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். ஆனால் வேனில் போனால் அவர் சொன்ன இடத்துக்குத்தான் போகமுடியும், அவர் சொன்ன கூலிக்குத்தான் நிற்கமுடியும் என்பதும் நிஜம். அடுத்த மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் மேஸ்திரியிடமே திரும்பிப் போனார்கள். அவரும் சேர்த்துக்கொண்டார்.

இன்னொன்றும் நடந்தது. ஸ்டாண்டில் எல்லோர் போனிலும் திடீரென்று புதிதாக ஒரு பஸ் ஆப். விளம்பரங்களோடு, வண்ணமாக, வேகமாக. தமிழிலும் இருந்தது. எட்டிப் பார்த்தேன். 'ஸ்ரீகாரியயம்' என்று ஓரிடத்தில் ஒரு 'ய' கூடுதலாக இருந்தது. அது என் பிழை. குக்கர் கத்தும்போது அவசரத்தில் எழுதியது. எங்கள் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஓடிப்போய்ப் பக்கத்து மேஜைக்காரரிடம் முறையிட்டேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், வியாபாரிகளும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் தளத்தின் விதி, முதல் நாள் நானே சம்மதம் என்று அழுத்தியிருக்கிறேன் என்று பொறுமையாக விளக்கினார். அவருக்கும் உள்ளுக்குள் கோபம்தான். நாங்கள் ஓசியில் எழுதியதில் இன்னொருவன் சம்பாதிப்பதா என்று பழைய ஆட்கள் இரண்டு பேர் விலகியே போய்விட்டார்கள். எனக்கும் ஒரு வாரம் எழுத மனசு வரவில்லை. கண்டக்டரிடம் புலம்பினேன். ஆளுக்கு வண்டி கிடைக்கிறதா என்று கேட்டாள். கிடைக்கிறது என்றேன். அப்படியென்றால் அந்தப் பிழையைத் திருத்துங்கள் என்றாள். திருத்தினேன். ஒரு மாதம் கழித்து அந்த ஆப்பிலும் அந்த 'ய' போயிருந்தது. தங்கை இதைக் கேட்டுவிட்டு, உன் முதலாளி யார் என்று இப்போதுதான் தெரிகிறது, அந்த ஆப்காரன்தான் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர இன்னும் சில நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் சித்தாளும் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய்வருவது அப்போது தொடங்கியது. பட்டியலில் விட்டுப்போன சின்ன ஊர்களை எழுதுவதற்காக. ஸ்டாண்டில் அக்கா என்று கூப்பிடுகிறவளோடு இரண்டு மணி நேரம் ஒரே சீட்டில் உட்கார்ந்து போவது முதலில் இரண்டு பேருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அவள் என்மேல் படாமல் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். வளைவுகளில் பஸ் எங்களைச் சேர்த்துத் தள்ளியது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அவளை வீட்டுக்கு அழைத்துவந்து காபி கொடுத்தேன். எங்கள் தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்து மூடின. என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் அதில் நுனியில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் மூலையில் நூல் பிடித்து நேர் பார்க்காமல் பூசிவிட்டார்கள் என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, அவளுக்குப் பூச்சு வேலை தெரியும் என்பது. பத்து வருஷம் கொத்தனார்களுக்குக் கலவை எடுத்துக் கொடுத்து, அவர்கள் டீ குடிக்கப் போகிற நேரத்தில் பூச்சுக் கரண்டியை எடுத்துப் பழகியது. ஆனால் பெண் பிள்ளைக்கு யார் கரண்டி கொடுப்பார்கள்? மேஸ்திரியிடம் ஒருதரம் கேட்டதற்கு மற்ற கொத்தனார்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்.

மலயின்கீழுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் முடியும் வண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். ரப்பர் மரங்களுக்கு நடுவில் பஸ் நின்று, டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். எதிரில் டீக்கடை. அதற்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் எழும்பி, பூசாமல் நின்றது. வீட்டுக்காரம்மா, நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டீக்கடைக்காரரிடம் பூசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். பஸ் வசதி இல்லை என்று யாரும் வரமாட்டேன் என்கிறார்களாம். நான் மணியைக் குறித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் சித்தாள் அந்த அம்மாவின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்கு மலையாளம் அரைகுறை. அவள் சொன்னதை நான்தான் போய் மொழிபெயர்த்தேன்.

"பஸ்ஸு எனக்குத் தெரியும். பூசவும் தெரியும். ஒரு சுவரு குடுத்துப் பாருங்க. புடிக்கலைன்னா காசு வேண்டாம்."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவள் கைகளைப் பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

திங்கட்கிழமை மத்தியானம் நான் ஃபைல்களுக்கு நடுவில் இருந்தபோது சித்தாளின் குரல் செய்தி வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். பின்னால் மணியாஸ் கட்டையால் சுவரைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எக்கா, பாத்ரூம் சுவரு குடுத்திருக்காவ. டைல்ஸ் ஒட்டி மறைச்சிருவாகளாம், அதான் எனக்குக் குடுத்திருக்காவ. இருக்கட்டும். நான் நூல் புடிச்சுத்தான் பூசுதேன்."

சாயங்காலம் அந்த அம்மா மட்டக்கோலை வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் முன்னறையைக் கொடுத்தார். அந்த வீட்டை முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அடுத்த வீடு அந்த அம்மாவின் தங்கை வீடு. கண்டக்டருக்கு இதைச் சொன்னபோது அவள் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அந்த ஊருக்குக் காலையில் முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அவளுக்கு இப்போது வேறு டெப்போவுக்கு மாற்றலாகிவிட்டது. மலைப்பக்கத்து வண்டிகள். அங்கிருந்தும் எழுதுகிறாள். போன வாரம் நான் எழுதிய ஒரு நேரத்தை மாற்றிவிட்டு, காரணமாக, யானை இறங்குகிற மாதங்களில், இருட்டுவதற்குள் போய்ச் சேர, அந்த வண்டி அரை மணி முன்னதாகவே கிளம்பிவிடும் என்று எழுதியிருந்தாள். நான் வாதம் செய்யவில்லை.